தொட்டியில் போட்ட கடப்பாரை

துத்தமலைச் செம்புச் சுரங்கத்தை மூடிப் பதினொரு வருஷம் ஆகிவிட்டது. இருசப்பன் மேஸ்திரியின் கோபத்துக்கு மட்டும் யாரும் பூட்டுப் போடவில்லை.

அவருக்கு அறுபத்து மூன்று வயது. முப்பது வருஷம் பூமிக்கு அடியில் நாற்பது ஆட்களை வைத்து வேலை வாங்கியவர். டீ ஆறியிருந்தால் கோபம் வரும். சூடாக இருந்தாலும் வரும். பஸ் நேரத்துக்கு வராவிட்டால் டிரைவரைத் திட்டுவார்; நேரத்துக்கு வந்துவிட்டால், நேற்று ஏன் வரவில்லை என்று திட்டுவார். இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய தொல்லை என்னவென்றால், பாதிக்கு மேல் நியாயம் அவர் பக்கம்தான் இருக்கும். நியாயம் இல்லாதவன் கத்தினால் வாயை அடைத்துவிடலாம். இவரை என்ன செய்வது?

ஆடி மாதத்தில் ஒரு நாள் அவருடைய மகள் அஞ்சலாட்சியிடமிருந்து கடிதம் வந்தது. ஒன்பது வருஷத்தில் அதுதான் முதல் கடிதம்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. நடந்தது என்று சொல்வதைவிட, பாதியில் நின்றது என்று சொல்லலாம். மாப்பிள்ளையின் சித்தப்பா தாம்பூலத் தட்டை இடது கையால் நீட்டிவிட்டார். மேஸ்திரி அதை ஒரு தட்டுத் தட்டினார். பழமும் தேங்காயும் பந்தல் முழுக்க உருண்டன. மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போனார்கள். இரண்டு மாதம் கழித்து அஞ்சலாட்சியும் எழுந்து போனாள், அதே மாப்பிள்ளையிடம். கோயிலில் வைத்துத் தாலி கட்டிக்கொண்டார்கள். அப்பாவைக் கூப்பிடவில்லை.

கடிதத்தில் இப்படி எழுதியிருந்தாள்: 'அப்பா, ஆவணி பதினெட்டாம் தேதி பாப்பாவுக்குக் காது குத்துகிறோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். எனக்குக் கூடப் பிறந்தவன் இல்லை. அதனால் உங்கள் மடிதான். வாருங்கள். ஆனால் கோபத்தை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். அது முடியாது என்றால் நீங்களும் வர வேண்டாம். வேறு மடி பார்த்துக்கொள்கிறோம்.'

"வேற மடியா? எவன் மடி அது?" என்று மேஸ்திரி காலியாக இருந்த வீட்டில் கத்தினார்.

பிறகு உட்கார்ந்தார். பேத்தியை அவர் பார்த்ததே இல்லை. பெயர் என்ன என்று கூடத் தெரியாது. அழுகை வந்தது. அழுகை வந்துவிட்டதே என்று அதற்கும் கோபம் வந்தது.

நாள் பார்த்தார். நாற்பத்திரண்டு நாள் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு தொட்டியம்மாவைப் பார்க்கப் புறப்பட்டார்.

தொட்டியம்மாவின் பெயர் உண்ணாமலை. வயது நாற்பது இருக்கும். சுரங்கத்தின் அடிவாயிலிருந்து நீலமாக ஒரு தண்ணீர் எந்நாளும் வடிந்துகொண்டிருக்கும். குடித்தால் குடலைப் புரட்டும். அந்தத் தண்ணீரை எட்டுக் கல்தொட்டிகளில் தேக்கி, பழைய இரும்பைப் போட்டு வைப்பார்கள். கொஞ்ச நாளில் இரும்பின் மேல் செம்பு வந்து படியும். அதைச் சுரண்டிச் சேர்ப்பது பெண்களின் வேலை. ஆண்கள் வெட்டுவார்கள், பெண்கள் தொட்டி பார்ப்பார்கள். ஆண்கள் யாரும் தொட்டிப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அது கௌரவக் குறைச்சல். மேஸ்திரிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

சுரங்கம் மூடியதும் எல்லோரும் போய்விட்டார்கள். உண்ணாமலை போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டவர்களிடம், "தண்ணி நிக்கலையே" என்றாள். அதன்பிறகு, மனசு சரியில்லாதவர்கள் ஏனோ அங்கே போய் உட்கார ஆரம்பித்தார்கள். அவர்களில் சிலர் அவளைக் குரு என்றார்கள். அவள் யாரையும் சீடன் என்று சொன்னதில்லை. கையில் தேங்காய் நார் இருந்தால் அதை நீட்டி, "இதால தேயுங்க" என்பாள்.

மேஸ்திரி போய் நின்றபோதும் அவள் ஒரு ஆணியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தொட்டியம்மா, நாப்பது நாள்ல என் கோவம் போவணும். வழி சொல்லுங்க."

"உங்க கடப்பாரை இருக்கா?"

"இருக்கு. அதுக்கென்ன?"

"கொண்டாந்து மூணாவது தொட்டியில போடுங்க. நாப்பது நாள் கெடக்கட்டும்."

"நான் கோவத்தைப் பத்திக் கேட்டா, நீங்க கடப்பாரையைக் கேக்குறீங்க."

"ஆமா."

"மந்திரம் ஏதாச்சும் சொல்லணுமா?"

"வேணாம்."

"விரதம் கிரதம்?"

"நல்லா சாப்பிடுங்க."

மேஸ்திரிக்குச் சுருக்கென்று வந்தது. மடியில் பேத்தி உட்காருவாளா மாட்டாளா என்று ஒருத்தன் தவித்துக்கொண்டு வந்து நிற்கிறான்; இந்த அம்மாள் ஆணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனாலும் வேறு போக்கிடம் இல்லை. மறுநாள் காலையில் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

அது சாதாரணக் கடப்பாரை இல்லை. சுரங்கத்தின் ஐந்தாவது மட்டத்தில் கூரை சரிந்தபோது, இந்தக் கடப்பாரையை முட்டுக்கொடுத்து மூன்று ஆட்களை உயிரோடு இழுத்துப் போட்டவர் அவர். அன்றிலிருந்து அதை வேறு யாரும் தொட விட்டதில்லை. மூன்றாவது தொட்டியில் ஏற்கெனவே ஒரு மாட்டு லாடமும், முனை உடைந்த அரிவாளும், அறுந்த சைக்கிள் செயினும் கிடந்தன.

"இதுங்களோடயா?" என்றார்.

"எல்லாம் இரும்புதான், மேஸ்திரி."

பல்லைக் கடித்துக்கொண்டு போட்டார்.

"தெனமும் காலையில வாங்க" என்றாள் தொட்டியம்மா. "வந்து சுரங்கத்தைப் பத்திச் சொல்லுங்க. நான் தொட்டி மட்டுந்தான் பாத்தேன். உள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்குச் சரியாத் தெரியாது."

"அதைச் சொன்னா கோவம் போயிடுமா?"

"சொல்லிப் பாருங்க."

அப்படித்தான் தொடங்கியது. மேஸ்திரி தினமும் வருவார். முதலில் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பார். கடப்பாரை போட்டது போட்டபடி கிடக்கும். பெருமூச்சு விட்டுவிட்டு உட்காருவார். தொட்டியம்மா ஏதாவது ஒன்றைத் தப்பாகச் சொல்லித் தொடங்கிவைப்பாள்.

"மேல நீலக்கல்லு இருக்கும், அதுக்கடியில பச்சைக்கல்லு. அப்படித்தான?"

"யாரு சொன்னது?" மேஸ்திரி பாதி எழுந்துவிட்டார். "பச்சைதாம்மா மேல! மழைத்தண்ணியும் காத்தும் எறங்குற எடத்துல பச்சை. அதோட ஒட்டிக்கிட்டு அங்கங்க நீலம். அந்த நீலமும் ரொம்ப நாளு கெடந்தா பச்சையாத்தான் போவும். அதுக்குக் கீழ மயில்கல்லு, ஒடச்சுப் போட்டா கொஞ்ச நாள்ல ஊதாவும் நீலமுமா மின்னும். அதுக்கும் கீழ மஞ்சக்கல்லு. புதுசா வேலைக்கு வந்தவன் தங்கம்னு நெனச்சு வேட்டியில முடிஞ்சுக்குவான். நான் கரண்டியால கீறிக் காட்டுவேன். தங்கம்னா கீறினா வழியும், இது பொடியும். இந்த மலையைத் தலையிலேர்ந்து கால்வரைக்கும் ஒடச்சவன் நான். என்கிட்டயே நீலம் மேலங்கிறீங்களே!"

"நீங்க சொல்றதுதான் சரி" என்றாள் தொட்டியம்மா. நாரை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.

மேஸ்திரி அப்படியே நின்றார். சண்டை போட ஆள் இல்லாத வெற்றி எதற்கு ஆகும்? அன்றைக்கு முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொரு நாள் அவள் கேட்டாள். "அந்தக் காலத்து ராசா ஆளுங்க வெடி வச்சுத்தான பாறையை ஒடச்சாங்க?"

"வெடி ஏதும்மா அப்போ? வெறகை அடுக்கிக் கொளுத்துவான். பாறை பழுக்கப் பழுக்கக் காயும். சூடு ஆறுறதுக்குள்ள தண்ணியை வீசுவான். பாறை தானா வெடிக்கும். மூணாவது மட்டத்துல கூரையில அந்தக் கரி இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. கைவெச்சா கறுப்பாவும். எத்தனை நூறு வருஷமோ! கல்லால செஞ்ச சுத்தியக்கூட நான் கண்டெடுத்தேன். நடுவுல பள்ளம் போட்டு, அதுல கயிறு கட்டிப் பிடி வெச்சிருக்கான். என்ஜினீயர் அதைப் பாத்துட்டு, வெறும் கல்லுய்யான்னான். நான் விடல. அதோ பள்ளம், இதோ கயிறு உராஞ்ச தடம்னு காட்டினேன். அப்புறம் வெளியூர்லேர்ந்து ஒருத்தர் வந்து, சுத்திதான்னு சொல்லி எடுத்துட்டுப் போனாரு. கண்டெடுத்தவர்னு எழுதி வெச்ச சீட்டுல என்ஜினீயர் பேருதான் இருந்துச்சாம். என் பேரு இல்ல. இருபத்தாறு வருஷம் ஆச்சும்மா. எங்கயாவது அவனைப் பாத்தேன்னா..."

அவருடைய கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது.

"சுத்தின்னு நீங்க சொன்னதுதான் சரி" என்றாள் தொட்டியம்மா.

"அதைத்தான நானும் சொல்றேன்!"

"நானும் அதைத்தான் சொல்றேன்."

மேஸ்திரி சொன்ன சுரங்கத்தின் வரலாறு இப்படியே வளர்ந்தது. ராஜா காலத்து ஆட்கள் வந்தார்கள், போனார்கள். காடு மூடியது. பிறகு யாரோ ஒரு ஜமீன் வந்து வெட்டிப் பார்த்துக் கைவிட்டான். அப்புறம் கம்பெனி வந்தது, ரயில் வண்டி மாதிரித் தள்ளுவண்டி வந்தது, வெடி வந்தது, ஏழாவது மட்டத்தில் தண்ணீர் வந்தது, எல்லாம் நின்றது. எத்தனை தலைமுறை, எத்தனை ஆட்கள்! ஆனால் எந்த மட்டத்தைத் தொட்டாலும், கதை இரண்டு வளைவு திரும்பியதும் மேஸ்திரி ஒருவரிடம் சண்டை போட்டுக்கொண்டிருப்பார். அவர் சொன்னதுதான் கடைசியில் சரி என்று ஆகியிருக்கும். அதை யாரும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள்.

நிச்சயதார்த்தக் கதையும் நடுவில் நான்கு தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் அந்தச் சித்தப்பாவின் இடது கை இன்னும் கொஞ்சம் நீளமாகியது.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மேஸ்திரி கடப்பாரையைத் தூக்கித் துடைத்து வீட்டுக்குக் கொண்டுபோவார். திங்கட்கிழமை காலையில் கொண்டுவந்து மறுபடி போடுவார். தொட்டியம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எதுவும் கேட்கவில்லை.

இருபதாவது நாள் மேஸ்திரி பொறுக்க முடியாமல் கேட்டார். "இந்தக் கதைக்கும் என் கோவத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"எனக்கென்ன தெரியும்? கதை சொல்றது நீங்கதான?"

"தொட்டியிலயும் ஒண்ணும் ஆவலையே!"

"ஆவலதான்."

"ஆவுமா ஆவாதா?"

"தண்ணி அதும்பாட்டுக்கு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, மேஸ்திரி."

வீடு போய்ச் சேரும்வரை மேஸ்திரி வழியில் இருந்த வேலி, ஆடு, மைல்கல் எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே போனார். இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்தார். மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய் நின்றார். மகளின் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. எடுத்து எடுத்துப் படித்ததில் மடிப்பு கிழிந்துபோயிருந்தது.

நாற்பதாவது நாள் வந்தது. மறுநாள் விடிந்தால் காதுகுத்து. மத்தியானம் பஸ் ஏறினால்தான் இருட்டுவதற்குள் மகள் ஊருக்குப் போய்ச் சேரலாம். மேஸ்திரி சலவை வேட்டி கட்டி, பேத்திக்கு வாங்கிய பாவாடை சட்டையைப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். தொட்டிக்குள் கையை விட்டுக் கடப்பாரையைத் தூக்கினார்.

போட்ட அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. கறுப்பாக, பளபளவென்று. ஒரு இம்மி செம்பு இல்லை.

பக்கத்தில் கிடந்த லாடத்தை எடுத்தார். செக்கச் செவேல் என்று இருந்தது. சைக்கிள் செயினைத் தூக்கினார். அதுவும் சிவப்பு. அவருக்கு உச்சந்தலைவரை ஏறியது.

"என்னம்மா இது அநியாயம்! மாட்டுக் காலுல கெடந்து தேஞ்ச லாடம். அதுக்குப் பிடிக்குது. குப்பையில கெடந்த செயினு. அதுக்கும் பிடிக்குது. இது நயம் இரும்பு! மூணு உசிரைக் காப்பாத்தின இரும்பு! இதுக்கு மட்டும் ஏன் பிடிக்கல? நாப்பது நாளு! நாப்பது நாளு நாயாட்டம் வந்து உக்காந்திருக்கேன். உங்க தண்ணி கெட்டுப்போச்சா, இல்ல நீங்க என்னை ஏமாத்துறீங்களா?"

அவர் கத்திய கத்தலில் பக்கத்துப் புங்கமரத்துக் காக்கைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன. தொட்டியம்மா எழுந்து வந்தாள். கடப்பாரையை ஒரு விரலால் வழித்தாள். அந்த விரலை அவரிடம் நீட்டினாள்.

"இது என்ன?"

"கிரீஸ்" என்றார் மேஸ்திரி, கூச்சமே இல்லாமல்.

"யாரு தடவினது?"

"நான்தான். பின்ன யாரு தடவுவாங்க? மொத நாளே தடவித்தான் போட்டேன். வாராவாரம் கழுவித் தொடச்சு, புதுசாத் தடவித்தான் கொண்டாந்து போடுறேன். தண்ணியில கெடக்குற இரும்புக்குக் கிரீஸ் போடாம விட்டா அரிச்சுடாதா? கருவி வெச்சிருக்குறவன் செய்யுற வேலைதான் இது."

தொட்டியம்மா அந்த உடைந்த அரிவாளை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அரிவாளின் வளைவு அப்படியே இருந்தது. பிடி செருகும் காம்பும் அப்படியே இருந்தது. முழுக்கச் சிவப்பு.

"ஒடைங்க."

மேஸ்திரி இரண்டு கையாலும் பிடித்தார். பலமே தேவைப்படவில்லை, பொறை பிஸ்கட்டுபோல உடைந்தது. உள்ளேயும் சிவப்பாகவே இருந்தது.

"இரும்பு எங்க?" என்றார்.

"போயிடுச்சு."

"எங்க போச்சு?"

"தண்ணியோட. அது கொஞ்சம் கொஞ்சமாப் போன எடத்துலதான் இது கொஞ்சம் கொஞ்சமா வந்து உக்காந்துச்சு."

மேஸ்திரி அரிவாளைப் பார்த்தார். தன் கடப்பாரையைப் பார்த்தார். முப்பது வருஷம் மலைக்குள்ளே இருந்தவருக்கு, மலையிலிருந்து வழிந்த தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் போயிற்று. அது பெண்களின் வேலை என்று எட்டிக்கூடப் பார்க்காமல் இருந்தவர் அவர்தானே.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"மொத நாளே. தண்ணிமேல எண்ணெய் மினுக்குச்சே."

"அப்பவே ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?" மறுபடி குரல் ஏறியது.

"சொல்லியிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?"

மேஸ்திரி வாயைத் திறந்தார். கிரீஸ் தடவியது ஏன் சரி என்று இரண்டு மணி நேரம் பேசியிருப்பார். எந்தக் கருவிக்கு எந்தக் கிரீஸ் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருப்பார். அது அவருக்கே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டார்.

மேஸ்திரி தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். சலவை வேட்டியில் நீலக் கறை பட்டது. அதைக் கவனிக்கவில்லை.

"நாளைக்குக் காதுகுத்து" என்றார். "நாப்பது நாளும் வீணாப் போச்சு. கோவத்தோட வராதேன்னு எம்பொண்ணு எழுதியிருக்கா. நான் போறதா, வேணாமா? அதை மட்டுமாவது நேராச் சொல்லுங்கம்மா."

"போனா என்ன செய்வீங்க?"

"மடியில வெச்சுக்குவேன். வேற என்ன? அழுதா சமாதானம் சொல்லுவேன்."

"கோவம் வந்தா?"

"வராதும்மா. இனிமே வராது. சத்தியமா." மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனசு லேசானது மாதிரி இருந்தது. எல்லாம் விளங்கிவிட்டது மாதிரியும் இருந்தது. உற்சாகமாக எழுந்து நின்றார். "அந்தச் சித்தப்பாவும் கண்டிப்பா வருவாரு. வரட்டும். அவரைப் பாத்ததும் நானே கும்பிடு போடுவேன். காபி கொடுக்கச் சொல்லுவேன். அப்புறம் தனியாக் கூட்டிட்டுப்போய், சத்தம் போடாம, சிரிச்ச மொகத்தோட, அன்னிக்கித் தட்டை இடது கையால நீட்டினது அவருதான்னு மட்டும் பொறுமையா எடுத்துச் சொல்லிடுவேன். அவ்வளவுதான்."

நாற்பது நாளும் முகம் மாறாமல் இருந்த தொட்டியம்மா, இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள்.

"மேஸ்திரி, அதுவும் கிரீஸ்தான். தொடச்சிட்டு பஸ் ஏறுங்க."